சிறார் நாவல் வகைகள்

ஏறத்தாழ 8 வயது முதல் 18 வயது வரையிலான வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் நெடுங்கதை சிறார் நாவல். ஆங்கிலப் பதிப்புலகம் இதனை 12 வயது வரையிலானோருக்கு ஒன்று, அதற்கு மேற்பட்டோருக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்துத் தனித்தனி அலமாரிகளில் வைக்கிறது. தமிழில் முன்னதைச் சிறார் நாவல் என்றும் பின்னதை இளையோர் நாவல் என்றும் அழைக்கும் வழக்கம் அண்மையில் வந்தது. நெடுங்காலம் இரண்டுக்கும் ‘சிறுவர் கதை’ என்ற ஒரே பெயர்தான்.

வயதுப் பிரிவும் கதை வகையும் வேறு வேறு. கதைநாயகன் பள்ளிச் சிறுவன் என்பதாலோ, அட்டையில் பூதம் இருப்பதாலோ ஒரு நாவலின் வகை முடிவாகிவிடாது. எந்தக் கேள்வி வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். ‘தப்பிப்பார்களா?’ என்று கேட்க வைத்தால் அது சாகசம்; ‘யார் செய்தது?’ என்றால் துப்பறியும் கதை. ‘இந்த உலகம் எப்படி இயங்குகிறது?’ என்றால் மாயக்கதை அல்லது அறிவியல் புனைகதை. ‘இனி இவள் என்ன செய்வாள்?’ என்றால் நடப்பியல்.

தொடக்கம்

சிறாருக்கென்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் நாவலாகப் பலரும் குறிப்பிடுவது 1749இல் சாரா ஃபீல்டிங் எழுதிய ‘தி கவர்னஸ்’. ஒன்பது சிறுமிகள் படிக்கும் ஒரு பள்ளியில் நடக்கும் கதை அது. ஆனால் அதற்கு முன்பே, 1719இல் பெரியவர்களுக்காக வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’வைச் சிறுவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தமிழிலும் இதே கதைதான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ சிறுவர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஆனாலும் அம்புலிமாமா இதழை முடித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போன தலைமுறைகள் உண்டு. நடுவே 13, 14 வயதுக்கென்று எழுதப்பட்ட நூல்கள் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் அதிகம் இல்லை.

சாகசமும் துப்பறிதலும்

சாகச நாவலின் அச்சு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’. 1881இல் ஸ்காட்லாந்தில் தம் மனைவியின் மகனோடு பொழுது போக்க வரைந்த ஒரு தீவின் வரைபடத்திலிருந்துதான் கதையே முளைத்தது. முதலில் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து, 1883இல் நூலானது. தொடக்கத்திலேயே கதைநாயகனான சிறுவன் ஜிம்மின் தந்தை இறந்துவிடுகிறார். இது தற்செயலன்று. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தால் எந்தப் பையனும் கப்பலேற முடியாது. ஆகவே பெற்றோரைக் கதையிலிருந்து அகற்றுவது இவ்வகையின் முதல் வேலை. வங்கத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாய் 1937இல் நூலாக வெளியிட்ட ‘சாந்தேர் பாஹாட்’ ஒரு கிராமத்து இளைஞனை ஆப்பிரிக்கக் காட்டுக்குள் அனுப்புகிறது. ஆசிரியர் ஆப்பிரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. தமிழில் ஜெயமோகன் சிறுவர்மணி இதழில் தொடராக எழுதிய ‘பனிமனிதன்’ இமயத்துக்குப் போகும் சாகசம்.

துப்பறியும் கதையில் குழந்தைகளை ஏமாற்றுவது எளிது, மதிப்பது கடினம். மதித்தவர் எரிக் கெஸ்ட்னர். 1929இல் வந்த ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்ற ஜெர்மன் நாவலில் அம்மா கொடுத்தனுப்பிய பணத்தை எமில் ரயிலில் பறிகொடுக்கிறான். பெர்லின் தெருக்களில் ஒரு சிறுவர் பட்டாளமே திருடனைப் பின்தொடர்கிறது. பணம் தன்னுடையதுதான் என்பதை எமில் எப்படி நிரூபிக்கிறான்? தொலைந்துவிடக் கூடாதென்று நோட்டுகளைச் சட்டைக்குள் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான். நோட்டில் அந்த ஓட்டைகள் இருந்தன. வாசிக்கும் பிள்ளை முன்பே பார்த்த, கையில் தொட்டுப் பழகிய பொருள்தான் சாட்சி. இவ்வகையில் இதைவிட நேர்மையான முடிச்சவிழ்ப்பை நான் படித்ததில்லை. சத்யஜித் ராய் 1965இல் ‘சந்தேஷ்’ இதழில் தொடங்கிய ஃபெலுடா கதைகளில் துப்பறிபவர் பெரியவர், கதை சொல்வதோ அவருடைய தம்பி முறைப் பையன் தோப்ஷே. தமிழ்ச் சிறுவர்களுக்குத் துப்பறியும் சுவையைக் காட்டியவர் தமிழ்வாணன். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலும் பெரியவரே. கதை சொல்லப் பக்கத்தில் தோப்ஷேயைப் போல ஒரு பையன் இல்லை.

மாயமும் அறிவியலும்

லூயிஸ் கரோலின் ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்தது 1865இல். மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்பது பொதுவான எண்ணம். நல்ல மாயக்கதையில் அப்படி நடப்பதில்லை. அந்த உலகத்துக்கென்று சட்டங்கள் உண்டு, மீறினால் விலையும் உண்டு. தமிழில் இதற்கு நல்ல அடித்தளம் இருந்தது. பாட்டி சொன்ன ஏழு கடல் ஏழு மலைக் கதைகள், 1947இல் வரத் தொடங்கிய அம்புலிமாமாவின் தொடர்கள், கோகுலம், பூந்தளிர் இதழ்களில் வாண்டுமாமா எழுதிக் குவித்தவை எல்லாம் அதில் சேரும். ‘குட்டி இளவரசன்’ பிரெஞ்சிலிருந்து 1981இல் க்ரியா வெளியீடாக வந்தபோது, மாயக்கதை இவ்வளவு மெல்லிய குரலிலும் பேசும் என்று தமிழ் வாசகருக்குத் தெரிந்தது.

அறிவியல் புனைகதையில் மந்திரக்கோலின் இடத்தில் கருவி வருகிறது. ஜூல்ஸ் வெர்ன் 1864இல் பூமியின் மையத்துக்கு ஆளனுப்பினார். இளையோருக்கான இன்றைய கதைகளில் கருவியைவிட அரசு முக்கியம்: லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) வலியே இல்லாத சமூகத்தில் நினைவுகளைச் சுமக்கும் ஒரு சிறுவனைப் பற்றியது. சுஜாதா 1980களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’, குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாட்டைக் காட்டியது. அதைப் பெரியவர்களுக்கான வார இதழில்தான் எழுதினார். ஆனால் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் பள்ளி மாணவர்கள்.

நடப்பியல்

வீடு, பள்ளி, நட்பு, இழப்பு ஆகியவற்றைப் பேசும் நாவல்கள் இவை. தாமஸ் ஹியூஸின் ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ (1857) பள்ளிக் கதையையும், லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ (1868) குடும்பக் கதையையும் நிலைநாட்டின. இளையோர் நாவல் தனித்து நின்றது 1967இல் என்பார்கள். எஸ். ஈ. ஹின்டன் பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ அந்த ஆண்டில் வெளிவந்தது. தெருக்கும்பல்களில் சிக்கிய பையன்களை அவர்கள் வயதிலேயே நின்று அது பேசியது. பத்தாண்டு கழித்து கேதரின் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ தோழியின் மரணத்தைச் சமாதானம் எதுவும் சொல்லாமல் எழுதியது.

தமிழ் தாமதமாக வந்து சேர்ந்த இடம் இதுதான். நீதி சொல்லாமல் விட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்ற பயம் எழுதுபவர்களுக்கும் இருந்தது, வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் இருந்தது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்ற குறுநாவல் அந்தப் பயத்தை உடைத்தது: கேள்வி கேட்கும் சிறுமியை வகுப்பறை என்ன செய்கிறது என்று அது காட்டியது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் தொல்லைக்கு ஆளாகும் சிறுமியைப் பற்றியது. அதில் பொம்மை பேசுகிறது. அதனால் அது மாயக்கதையாகிவிடுமா? ஆகாது. ‘யாரிடம் சொல்வது?’ என்ற கேள்விதான் கதையை நகர்த்துகிறது. மரப்பாச்சி அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் காது.

கலப்பு வகைகள்

வகைகள் இப்போது கலந்தே வருகின்றன. 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையின் உடல் பள்ளிக் கதை, உடை மாயம். முதல் சில நூல்களின் முதுகெலும்பு துப்பறிதல். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடி அகழாய்வுக் களத்துக்கு வரும் சிறுவனைப் பழங்காலத்துக்குக் கூட்டிச் செல்லும் வரலாற்று நாவல். காலப்பயணம் அதற்கு வாகனம். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகிறது. ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கும், ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டுக்கும் அதைப் பெற்றன. அவ்விருது பாடலுக்கும் கதைக்கும் நாவலுக்கும் பொதுவானது. நாவலுக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை.