சுருதிக்கு எத்தனை மில்லிவோல்ட்?

கடையம் என்றதும் பாரதி நினைவுக்கு வருவது இயல்பு. செல்லம்மாவின் ஊர், 1918இன் இறுதி தொடங்கி 1920 வரை கவிஞர் வாழ்ந்த ஊர். நாம் இங்கே அவரை அழைப்பது கவிதைக்காக அன்று, ஆர்மோனியத்தின்மேல் அவருக்கிருந்த கோபத்துக்காக. சங்கீத விஷயம் குறித்து எழுதிய கட்டுரையில் அப்பெட்டியை அவர் கடிந்துகொண்டார். அவர் மட்டுமல்லர், அந்தத் தலைமுறையில் பலரும் அதை வெறுத்தனர். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே அதில் ஒன்றுமில்லை என்பதே முதன்மையான குறை. கமகம் வாழும் இடமோ அந்த இடைவெளிதான். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அத்தடை தளர்ந்தது.

பாரதி கடையத்துக்கு வருவதற்கு ஓராண்டு முன், 1917இல், தஞ்சையில் ஒரு பெருநூல் வெளிவந்தது: ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்'. பண்டிதரும் இந்தப் பக்கத்துக்காரர்தாம். 1859இல் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெயர்பெற்றார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு என்ற வழிவழி வந்த கொள்கையை அவர் ஏற்கவில்லை. இருபத்து நான்கு என்றார். அவை அனைத்தும் சம இடைவெளியுடையன என்றார். நுட்பம் வேண்டுமானால் நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று மேலும் பகுத்துக்கொண்டே போகலாம் என்றார். 1916இல் பரோடா மாநாட்டில் தம் புதல்வியரைப் பாடவும் வாசிக்கவும் வைத்து இதை நிறுவ முயன்றார். அவர் சொன்னது சரியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அதைத் தீர்க்க நாம் வரவில்லை. நம் அக்கறை அவர் கையாண்ட கணக்கில் மட்டுமே. சம இடைவெளி என்றால் தந்தியின் நீளத்தைச் சமமாக வெட்டுவதன்று. ஒவ்வொரு படியும் முந்தையதன் ஒரே மடங்காக அமைய வேண்டும். பெருக்குத் தொடர் அது.

இந்தப் பெருக்குத் தொடரை மின்சுற்றுக்குள் அமைத்தவர்களின் கதைதான் மாடுலர் சிந்தசைசரின் கதை.

1964இல் அமெரிக்கரான ராபர்ட் மோக் தம் கருவியை வெளிக்கொணர்ந்தார். (நம்மவர் 'மூக்' என்று படிப்பது வழக்கம், அவர் தம் பெயரை 'மோக்' என்றே உச்சரித்தார்.) அவரே வீட்டுப் பட்டறையில் வளர்ந்தவர், சிறுவயதிலேயே பத்திரிகையில் வந்த சுற்றுப்படத்தைப் பார்த்துத் தெரமின் செய்தவர். கையைக் காற்றில் அசைத்தே வாசிக்கும் அந்த ரஷ்யக் கருவியில் கட்டையே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 1961இல் மோக் அதை உதிரிபாகப் பொதியாக விற்றார். வாங்கியவர்கள் வீட்டில் பற்றவைத்துக்கொண்டனர்.

சிந்தசைசரில் அவர் வகுத்த நெறி எளியது. ஒலியை உண்டாக்கும் அலையியற்றி, அதைச் செதுக்கும் வடிகட்டி, அளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி என்று ஒவ்வொன்றும் தனிப் பெட்டி. பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது வாசிப்பவர் விருப்பம். எல்லாவற்றையும் ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். இன்னொரு வோல்ட் கூட்டினால் அடுத்த ஸ்தாயி. அதாவது கூட்டல் கணக்கைப் பெருக்கல் கணக்காக மாற்றும் ஓர் உறுப்பு உள்ளே இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஒன்றின் இயற்கைக் குணமே அந்த வேலையைச் செய்கிறது. பண்டிதரின் சுருதியை இந்த மொழியில் சொன்னால் 41.7 மில்லிவோல்ட். தொண்ணூற்றாறாகப் பகுத்தால் 10.4. பழைய கொள்கையினர் போற்றும் பிரமாண சுருதி ஏறத்தாழ 18. இரு கட்சியாருக்கும் இதில் இடமுண்டு. இடையிலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் இடமுண்டு. மின்னழுத்தத்துக்குப் படிக்கட்டு கிடையாது, சரிவுதான். பாரதியின் காலம் ஆர்மோனியத்தின்மேல் சுமத்திய குற்றம் இதன்மேல் ஒட்டாது.

ஆனால் மோக்கின் பெட்டியோடு பியானோக் கட்டையும் சேர்ந்தே வந்தது. இழைத்து வாசிக்கும் நாடாவும் விற்கப்பட்டது; மக்கள் கண்டுகொண்டது கட்டையைத்தான். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கலிபோர்னியாவில் டான் பூக்லா தம் கருவிக்குக் கட்டைப் பலகை வேண்டாம் என்று தொடுதகடுகளை வைத்தார். சந்தை அவர் பக்கம் சாயவில்லை.

இந்தியாவுக்கு இக்கருவி வந்த கதை பலருக்கும் தெரியாமலிருந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மோக் கருவி ஒன்றை நிறுவினார். இதற்குப் பின்னிருந்தவர் கீதா சாராபாய். பக்வாஜ் வாசித்தவர், 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அவரும் எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அதில் இசையமைத்தனர். பிறகு நாடாக்கள் அலமாரியில் உறங்கின. பால் புர்காஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2020இல் பிபிசி வானொலியில் அக்கதையைச் சொன்னார். 2023இல் இசைத்தட்டாகவும் வந்தது. அரை நூற்றாண்டு! ராகத்தையும் தம்பூராவையும் அறிந்த காதுகள், சரிவாகச் செல்லும் மின்னொலியைக் கையில் வைத்திருந்த மூன்றாண்டுகள் அவை. தெற்கே அதன் எதிரொலி எதுவும் விழவில்லை என்பது எங்களுக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

தெற்கே வந்தது வேறு. 1983க்குப் பிறகு ஜப்பானிய டிஜிட்டல் கீபோர்டுகள் பரவின; 1986இல் 'புன்னகை மன்னன்' கணினிவழி இசைக்காகப் பேசப்பட்டது. அவற்றின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கட்டை மீண்டும் நடுவீட்டில் அமர்ந்தது. கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் கே. சத்யநாராயணன் போன்றோர், ஒரு கை கட்டையில் இருக்க மறு கையால் சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பித்தான் கமகத்தை மீட்கவேண்டியிருக்கிறது.

உள்நாட்டில் பிறந்து நிலைத்த மின்னிசைக் கருவி ஒன்று உண்டு. நாம் அதை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ்நாராயண், புல்லாங்குழல் பயின்ற பொறியாளர், 1979இல் சென்னை மியூசிக் அகாதெமியில் மின்னணுத் தம்பூராவை அறிமுகப்படுத்தினார். இன்று கச்சேரி மேடையில் அதன் வாரிசைக் காணாத நாளில்லை.

தம்பூரா என்றதும் வடிகட்டியைச் சொல்லியாக வேண்டும். மோக் 1969இல் காப்புரிமை பெற்ற ஏணி வடிகட்டியில் டிரான்சிஸ்டர் இணைகள் நான்கு படிகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு மின்தேக்கி. வெட்டும் எல்லைக்கு மேலே ஸ்தாயிக்கு ஸ்தாயி மேற்சுரங்களின் வீச்சு பதினாறில் ஒரு பங்காக ஒடுங்கும். வெளிவருவதில் சிறிதை மீண்டும் உள்ளே செலுத்தினால் எல்லையருகே உள்ள மேற்சுரம் மட்டும் பளிச்சிடும். எல்லையை மெல்ல நகர்த்தினால் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். குதிரையின்மேல் ஜீவா நூலை நகர்த்தித் தம்பூராவைப் பேசவைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்ய முனைவோரைப் படுத்துவது வடிகட்டியன்று, வெப்பம். மேற்சொன்ன டிரான்சிஸ்டர் குணம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறும். ஈடுசெய்யாத அலையியற்றியில், அடித்தானத்திலிருந்து மூன்று ஸ்தாயி மேலே இரண்டு டிகிரி குளிர்ச்சி என்பது ஒரு பிரமாண சுருதிக்குச் சற்று மேலான பிழை. ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் கடையம் வரை வீசும்போது ஒரு பிற்பகலில் இரண்டு டிகிரி இறங்குவது பெரிதன்று. மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சேர்க்கும் அதே தொல்லைதான். மருந்தும் உண்டு: ஒரே உறையிலுள்ள டிரான்சிஸ்டர் இணையை எடுத்து, அதன் முதுகில் வெப்பத்தோடு அதே 0.33 சதவீதம் ஏறும் தனிவகை மின்தடையை ஒட்டிவைப்பது.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளே இந்த வேலையில் பெரும்பகுதிக்குப் போதும். பண்டிதரின் இருபத்து நான்கைக் காதால் சோதிக்க விரும்புவோர், ஒரு சதவீதத் துல்லியமுள்ள ஒரு கிலோ ஓம் மின்தடைகள் இருபத்து நான்கைத் துளைப்பலகையில் வரிசையாகப் பற்றவைத்து, இரு முனைக்கும் இடையே நிலையான ஒரு வோல்ட் கொடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் ஒரு கம்பி இழுக்கலாம். ஒரு படியின் பிழை அரைச் சுரத்தின் இருநூறில் ஒரு பங்குதான். வரிசையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பத்துச் சுற்றுத் திருகு மின்தடை ஒன்றை வைத்தால் படிகள் மறையும். காந்தாரத்தை அசைத்துப் பார்க்கலாம்.