கண்ணில் மணல்: ஒரு காகிதத் துண்டும் 19 பெண்களும்

போன வருஷம் மே மாசம். ரிலீஸ் நேரம். தினமும் பன்னிரண்டு மணி நேரம் திரை முன்னாடி. சாயங்காலம் நாலு மணியானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், அப்புறம் தண்ணியாகக் கொட்டும். கண் மருத்துவரிடம் போனேன். "கண் வறண்டு போயிருக்கு" என்றார். தண்ணியாகக் கொட்டுதுன்னுதானே வந்தேன்!

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் காகிதத் துண்டின் நுனியை மடித்து, கீழிமைக்குள் வைத்து, கண்ணை மூடிக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் காகிதம் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது, அவ்வளவுதான் சோதனை. 5-க்குக் கீழே என்றால் கண்ணீர் ரொம்பக் குறைவு. எனக்கு 14.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் தேட ஆரம்பிச்சேன். இந்தச் சோதனையை விவரித்தவர் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். வருஷம் 1903. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதே காகிதம்தான் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, 14 மி.மீ. நனைந்த பிறகும் எனக்கு ஏன் எரிச்சல்? காகிதம் தண்ணீரை மட்டும்தான் அளக்கும். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள், தண்ணீர், அது ஆவியாகாமல் மேலே மூடி நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம், எல்லாம் சேர்ந்ததுதான் கண்ணீர். எண்ணெயைத் தருவது இமை ஓரத்துச் சுரப்பிகள். 1666-லேயே அவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு சிமிட்டலும் கொஞ்சம் எண்ணெயைப் பிழிந்து கண் முழுக்கப் பூசுகிறது. எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், கண் எரியும், எரிச்சலுக்குப் பதிலாக மூளை அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடும். நான் துடைத்துக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீரை.

திரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1993-ல் ஜப்பானின் கசுவோ ட்சுபோட்டாவும் அவருடைய சகாவும் எண்ணியே காட்டினார்கள். அலுவலக ஊழியர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை சிமிட்டினார்கள். புத்தகம் படிக்கும்போது 10. கணினித் திரை முன்னால் 7.

என் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் தேடும்போது இன்னொரு பெயர் குறுக்கே வந்தது: ஹென்ரிக் ஷோக்ரன், ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். வறண்ட கண்ணோடு வந்த சில பெண்கள் வாயும் வறண்டிருக்கிறது, மூட்டும் வலிக்கிறது என்று சொன்னதை அவர் தள்ளிவிடவில்லை. அவருக்கு முன்பே சிலர் இதைத் துண்டு துண்டாகக் கவனித்திருக்கிறார்கள். பிரான்சில் கூஜரோ 1925-ல் எழுதியிருக்கிறார். ஆனால் 19 பெண்களை விரிவாகப் பரிசோதித்து, அதில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்ததைச் சேர்த்துவைத்து, இது கண்ணோடு நிற்கும் நோய் இல்லை, உடம்பு முழுக்க உள்ள ஒன்று என்று 1933-ல் முனைவர் ஆய்வேடாக எழுதியவர் ஷோக்ரன்.

ஆய்வேட்டுக்குப் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியராகும் வழி அடைபட்டது. யோன்ஷோப்பிங் நகரத்து மருத்துவமனைக்குப் போய் வேலை பார்த்தார். ஜெர்மன் மொழியில் இருந்த அந்த ஏட்டை 1943-ல் புரூஸ் ஹாமில்டன் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் பரவலாகக் கவனித்தது. இன்று அது ஷோக்ரன் நோய். நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபிசெட்டிபாளையத்து அத்தை ஞாபகம். சோறு தொண்டையில் இறங்காது, பக்கத்தில் எப்பவும் ஒரு சொம்புத் தண்ணி. கண் எரிச்சலுக்கு ஒரு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். விரல் வீக்கத்துக்கு இன்னொருவர் வலி மாத்திரை. மூன்றாமவர் பல்லைப் பிடுங்கினார், ஒன்றல்ல, ஆறு. உமிழ்நீர் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. "வயசாச்சுல்ல" என்று நானும்தான் சொல்லியிருக்கேன்.

அத்தையைக் கோவையில் ஒரு வாதநோய் நிபுணரிடம் கூட்டிப்போனேன். ஷிர்மர் காகிதம் ஐந்து நிமிடத்தில் 2 மி.மீ. நனைந்தது. ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது. முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்க வழி உண்டு என்றார். வெளியே வந்ததும் அத்தை கேட்டது ஒண்ணுதான்: "அப்ப நான் சும்மா சொல்லலைன்னு ஆச்சில்ல கண்ணு?"

எனக்குச் சொன்ன வைத்தியம் சுலபம். இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம், திரையைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைப்பது, ஏசி காற்று முகத்தில் அடிக்காமல் பார்ப்பது, முழுசாகச் சிமிட்டுவது, பதப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், கண் அழுத்தம் ஏறி பார்வைக்கே ஆபத்து.

உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணோடு வாயும் வறண்டிருந்தால், மூட்டும் வலித்தால், மூன்றையும் ஒரே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். 1933-லேயே ஒருவர் சேர்த்து எழுதிவைத்ததை நாம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.