ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் ஃபோகஸ் இசைவு

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் தொலைவை அளக்கும் பொறியமைப்பும் லென்ஸும் ஒரே தூரத்தில் பொருந்தி நிற்பதே ஃபோகஸ் இசைவு. எஸ்.எல்.ஆர். கேமராவில் கண் பார்ப்பது லென்ஸ் வழியே வரும் பிம்பம் என்பதால், ஃபோகஸ் பிசகினால் பார்க்கும்போதே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரின் வியூஃபைண்டரிலோ எல்லாம் எப்போதும் தெளிவாகவே இருக்கும். இசைவு கெட்டிருப்பது படம் வந்த பிறகே வெளிப்படும்.

லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் லைக்கா II, கோன்டாக்ஸ் ஆகிய 35 மி.மீ. கேமராக்களில் வந்தது. முன்புறமுள்ள இரு சன்னல்கள் வழியே வரும் பிம்பங்கள் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழும். லைக்கா எம் வரிசையில் லென்ஸின் பின்வளையம் நகர, அதைத் தொட்டபடி ஒரு நெம்புகோல் நுனியிலுள்ள சிறு உருளை நகர்ந்து ஒரு பிம்பத்தை இடம் பெயர்க்கிறது. சன்னல்களின் இடைவெளியை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பது பயனுறு அடித்தளம். 0.72 மடங்கு வியூஃபைண்டர் கொண்ட லைக்கா எம்6இல் இடைவெளி 69.25 மி.மீ., பயனுறு அடித்தளம் ஏறத்தாழ 50 மி.மீ. இது நீள நீளத் துல்லியம் கூடும்.

பிசகின் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸில் 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் 1 செ.மீ. தவறினால், பிம்பம் உணரியிலிருந்து சுமார் 0.03 மி.மீ. தள்ளி விழும். எஃப்/1.4இல் அது 0.02 மி.மீ. அகல மங்கலாகும், 24 மெகாபிக்சல் முழுச்சட்ட உணரியில் மூன்று பிக்சலுக்கும் மேல். அதே தவறு எஃப்/8இல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஃபிலிம் முற்றிலும் தட்டையாக நிற்பதில்லை. ஃபிலிம் காலத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அரிதாகவே இருந்தது. அதனால் பல கேமராக்களின் குறை ஆண்டுக்கணக்கில் மறைந்தே இருந்தது. 2006இல் டிஜிட்டல் கேமராவான லைக்கா எம்8 வந்து, திரையில் படத்தை முழு அளவில் பார்க்கும் பழக்கமும் சேர்ந்தபோது புகார்கள் பெருகின.

சோதனையை முடிவிலியில் தொடங்குவது வழக்கம். லென்ஸை முடிவிலி நிறுத்தம்வரை திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ நிலவையோ பார்த்தால் இரு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் அது செங்குத்துப் பிசகு. தூர அளவை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் கண்ணைக் குழப்பும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. முடிவிலியில் சரியாக நின்று 1 மீட்டரில் விலகும் கேமராக்கள் உண்டு. அருகுச் சோதனைக்குக் கேமராவை முக்காலியில் பூட்டி, துளையை முழுதாகத் திறந்து, 45 பாகை சாய்த்த அளவுகோலின் ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்ய வேண்டும். வளையத்தை இரு திசையிலிருந்தும் திருப்பிப் பலமுறை எடுப்பது நல்லது. ஒரே படம் ஃபோகஸ் செய்தவரின் கைத்தவறாகவும் இருக்கலாம். ஃபிலிம் கேமராவில் ஷட்டரைத் திறந்து வைத்து, ஃபிலிம் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடியை வைத்து உருப்பெருக்கியால் பார்ப்பார்கள்.

எல்லா லென்ஸ்களும் ஒரே பக்கம் விலகினால் குறை கேமராவில். ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸில். முடிவிலிக்கும் அருகுக்கும் தனித்தனித் திருத்தங்கள் உண்டு, ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். அருகுப் பிசகை முடிவிலித் திருகால் சரிசெய்ய முனைவதே அதிகம் நடக்கும் கேடு.

கேமரா சரியாக இருந்தும் படம் பிசகலாம். ட்ஸைஸ் சி-சோனார் 50 மி.மீ. எஃப்/1.5 லென்ஸில் துளையைச் சுருக்கும்போது கோளப் பிறழ்ச்சியால் ஃபோகஸ் பின்னோக்கி நகரும். எந்தத் துளைக்கு இசைவித்தாலும் இன்னொன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சோவியத் ஜூப்பிட்டர் லென்ஸ்களின் குவியத்தூரம் லைக்காவின் 51.6 மி.மீ. அளவிலிருந்து சற்றே வேறுபடுவதால், லைக்காவில் பூட்டினால் முடிவிலியில் பொருந்தி அருகில் விலகும். அவற்றுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வோர், உருவப்படத் தூரத்துக்குப் பொருத்தும்போது முடிவிலியை இழக்க வேண்டியிருக்கும்.