கீரிமலைக் கேணி - கடலோரத்தில் ஒரு நன்னீர்க் குளம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மக்களுக்குக் குடும்பத்தோடு போய்க் குளிப்பது என்றால் மேற்குத் தொடர்ச்சி மலைதான். அய்யனார் கோவில் ஆறு அல்லது செண்பகத்தோப்பு. கடலில் குளிக்க வேண்டுமென்றால் திருச்செந்தூர் போக வேண்டும். அங்கே கடலில் முழுகிவிட்டு நாழிக்கிணற்றிலும் நீராடுவது வழக்கம். கடலுக்குப் பக்கத்திலேயே உப்புக் கரிக்காத நீர் ஊறுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதவர்கள் குறைவு.

அதே ஆச்சரியம் இன்னும் பெரிய அளவில் இருக்கும் இடம் இலங்கையின் வடகோடியில் உள்ள கீரிமலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில், காங்கேசன்துறைக்கு மேற்கே, பாக்கு நீரிணைக் கரையில் இருக்கிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அலையடிக்கும் கடல், இந்தப் பக்கம் படிக்கட்டுகளோடு நன்னீர்க் கேணி! ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மறைப்புச் சுவரோடு தனியாக ஒன்று. குளிக்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பிள்ளைகள் சுவரில் ஏறிக் கேணிக்குள் குதிப்பதை இன்றும் பார்க்கலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மலையும் கிடையாது. கீரிமலை என்பது பெயரில் மட்டும்தான் மலை! அப்படியிருக்க ஊற்று எப்படி?

விடை நிலத்துக்குள் இருக்கிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் இந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அவற்றுக்குள் இறங்கித் தங்குகிறது. நிரம்பியது கடலை நோக்கி நகர்ந்து, கரையில் வழி கிடைத்த இடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. கீரிமலையில் நடப்பது இதுதான்.

புத்தூருக்கு அருகே நிலாவரை என்ற ஆழமான கிணறு உண்டு. அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்து வந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பழம் வந்ததோ இல்லையோ, நிலத்தடியில் நீர் வெகுதூரம் ஓடுகிறது என்பதை அந்த மக்கள் கண்டுகொண்டிருந்தார்கள் என்பது தெரிகிறது.

குதிரை முகமும் கீரி முகமும்

நகுலம் என்றால் கீரி. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றார் என்பது ஐதீகம். அதனால்தான் ஊர் கீரிமலை, சிவன் நகுலேஸ்வரர். குதிரை முகத்தோடும் நோயோடும் வந்த மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசியின் கதையும் உண்டு. இந்தத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரை முகம் நீங்கிய இடம் மாவிட்டபுரம் ஆனது என்பார்கள். (மா என்றால் குதிரை.) அங்கே கந்தசுவாமி கோவிலைக் கட்டியதும் அவள்தான் என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் அவள் கதை வருகிறது.

ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் இங்கே வந்து பிதிர்க்கடன் செய்வார்கள். மாவிட்டபுரம் முருகன் தீர்த்தமாட வருவதும் அன்றைக்குத்தான். யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை என்பது நம்மூர் ராமேஸ்வரம் மாதிரி.

இரண்டு முறை பறிபோன கரை

1619ல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நகுலேஸ்வரம் இடிக்கப்பட்டது. சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகள் கோவில் இல்லாமல் தீர்த்தம் மட்டுமே மிஞ்சியது. 1878ல் ஆறுமுக நாவலர் கோவிலை மீண்டும் எழுப்பும்படி மக்களைத் தூண்டினார். மறு ஆண்டே அவர் மறைந்துவிட்டாலும், 1895ல் குடமுழுக்கு நடந்தது.

இரண்டாவது அடி 1990ல் விழுந்தது. போரில் கோவில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது. நினைத்த நேரத்தில் போய்க் குளித்த கேணிக்கு, சொந்த ஊர்க்காரர்களே போக முடியாமல் போனது. தகப்பன் இறந்தால் எள்ளும் தண்ணீரும் இறைக்கக்கூட அந்தக் கரை இல்லை. அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கீரிமலை என்பது பெரியவர்கள் சொல்லும் ஒரு பெயர் மட்டுமே.

2009ல் போர் முடிந்த பிறகே பாதை மெல்லத் திறந்தது. 2012ல் நகுலேஸ்வரத்துக்கு மீண்டும் குடமுழுக்கு. சுற்றியுள்ள காணிகள் பகுதி பகுதியாகத்தான் மக்களிடம் திரும்பின. கேணியில் மட்டும் எந்த ஆண்டும் ஊற்று நிற்கவில்லை.

இனி வரும் ஆபத்து

குடாநாட்டின் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழேயிருக்கும் உப்புநீர் சுமார் நாற்பது அடி மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீர் பற்றிய கணக்கு. பம்ப் வைத்து அளவில்லாமல் இறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தோட்டங்களில் கொட்டும் உரத்தால் வலிகாமத்துக் கிணறுகளில் நைட்ரேட் கூடியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய் 2019ல் தீர்ப்பானது. மேலே எதை ஊற்றினாலும் வடிகட்டாமல் உள்ளே விடும் கல் அது. நீரைத் தந்த அதே வெடிப்புகள் நஞ்சையும் கொண்டு சேர்க்கும்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கப்பல் போய்ச் சேரும் துறையிலிருந்து கீரிமலை சில மைல் தூரம்தான்.

போர்த்துக்கீசியர் கோவிலைத்தான் இடிக்க முடிந்தது, ராணுவ வேலியால் பாதையைத்தான் மறிக்க முடிந்தது. ஊற்றையே கெடுக்கும் வல்லமை, அதன் மேல் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே உண்டு. அதைக் காக்கும் பொறுப்பும் அவர்களிடம்தான் இருக்கிறது.