கடைத்தெருவில் இணையம் : ஒரு வரலாற்றுக் குறிப்பு

கயத்தாறு என்ற அளவிலே, 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் அங்குத் தூக்கிலிடப்பெற்ற செய்தியே கற்றார் நெஞ்சில் எழும். அவ்வூர்க் கடைத்தெருவில் அண்மையில் யாம் கண்ட பெயர்ப்பலகை ஒன்று பிறிதொரு வரலாற்றை ஆராயத் தூண்டிற்று. ‘பிரௌசிங் சென்டர்’ என்னும் எழுத்துகள் வெளிறிக் கிடந்தன. அவற்றின்கீழ் ‘ஜெராக்ஸ், இ-சேவை’ என்பன புதுவண்ணத்தில் விளங்கின. இவ்விரு வண்ணங்களுக்கும் இடைப்பட்ட காலமே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

1994ஆம் ஆண்டு இலண்டனில் ‘சைபரியா’ என்னும் காப்பிக்கடை இணையத்தைப் பொதுமக்கட்கு மணிக்கணக்கில் வாடகைக்கு அளித்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொது இணையச் சேவையைத் தொடங்கிற்று. 1998 நவம்பரில் இத்துறை தனியார்க்குத் திறந்துவிடப்பட்டதும், சென்னையில் இயங்கிய சத்யம் இன்போவே முதற்கண் நுழைந்தது. 1999 அக்டோபரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. அதன் தலைவர் இரா. இராமராஜ் காலத்தில் எழுந்த ‘ஐவே’ நிலையங்கள் பெருகிப் பின்னர் ஆயிரக்கணக்காயின. அவற்றுட் பலவற்றில் கடையும் முதலும் உள்ளூர் வணிகருடையன; இணைப்பும் பெயரும் நிறுவனத்துடையன. இம்முறை புதிதன்று. எஸ்.டி.டி. தொலைபேசிக் கூண்டுகள் முன்னரே இதனைத் தமிழகத்திற்குப் பழக்கியிருந்தன. இன்னும் பின்னோக்கின், சி. பா. ஆதித்தனார் 1942இல் தொடங்கிய ‘தினத்தந்தி’யைத் தேநீர்க்கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட வழக்கமும் இதற்கு உறவுடையதே. ஆதித்தனார் பிறந்த காயாமொழியும் இம்மாவட்டத்ததே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தமிழ் மாணவர் ஊன்றி நோக்க வேண்டுவது எழுத்துருச் சிக்கலே. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. வீட்டுக் கணிப்பொறியாயின் அதனை நிறுவிக்கொள்ளலாம்; கடைக் கணிப்பொறியிலோ அவ்வுரிமை பயனர்க்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே, அரைமணிக்குப் பணம் செலுத்தியவர் தம் தாய்மொழிக்கு மாறாகக் கட்டங்களையும் குறிகளையும் கண்டு எழுந்து செல்ல நேர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தோன்றிற்று. ஆயினும் தமிழக அரசு யூனிக்கோடு முறையை ஏற்றது 2010ஆம் ஆண்டிலேயே. இணைய நிலையங்கள் செழித்த காலம் பெரிதும் இப்பதினோராண்டு இடைவெளிக்குள் அடங்கிவிட்டது என்பதை ஆராய்ச்சியாளர் போதிய அளவு கருதவில்லை.

நாட்டுப்புறத்தில் நிகழ்ந்தது வேறு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கினர். அக்குழுவினின்று தோன்றிய என்-லாக் நிறுவனம் 2001இல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் நிலையங்களைத் திறந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையோடு தொடர்புகொண்டு கண்நோய்க்கு அறிவுரை பெறவும் அங்கு வழியிருந்தது. எனினும் தனியார் பொறுப்பில் நடந்தவற்றுட் பெரும்பாலன 2005க்குள் மூடப்பெற்றன. செல்லிடப்பேசியே இந்நிலையங்களை வீழ்த்திற்று என்பார் கூற்று மேலூர்க்குப் பொருந்தாது. மலிவான கைப்பேசி இணையம் பரவியது 2016க்குப் பின்னரன்றோ! வருவாய்க் குறைவே முதற் காரணம் என்பது எம் கருத்து.

நகர்க்கடை பிழைத்த வழி யாது? அது மனு எழுதுவோன் தொழிலை மேற்கொண்டது. பதிவு அலுவலக வாயிலில் அமர்ந்து பிறர்க்காக எழுதியவரின் இடத்தில் இன்று இக்கடையுடையார் அமர்ந்துள்ளார். 2018இல் பொறியியற் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபோது, கையில் பேசியுள்ள பெற்றோரும் கடையையே நாடினர். திரையைத் தொடுதல் வேறு. ஆங்கிலப் படிவத்தைப் பிழையின்றி நிரப்புதல் வேறு.

2011ஆம் ஆண்டு விதிகள், இணைய நிலையத் தடுப்புகள் நாலரை அடிக்கு மேற்படலாகாதெனவும், வருவோர் பெயர்ப்பதிவேட்டினை ஓராண்டேனும் பேண வேண்டுமெனவும் வகுத்தன. யார், எவ்வயதில், எத்துணை நேரம் இணையத்தை முதன்முதல் அறிந்தனர் என்பதற்கு இப்பதிவேடுகளினும் சிறந்த சான்று இல்லை. கயத்தாற்றுக் கடையுடையாரை வினவினோம். பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டதாகக் கூறினார். ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. முதற் பக்கங்களில் பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து கிடந்தன. பின்பக்கங்களில் ஜெராக்ஸ் கணக்கு எழுதப்பட்டு வருகின்றது.