சாட் மாஸ் சதுப்பும் தார்ப் பீப்பாய்களும்

மாணவர்களே, இருப்புப் பாதையின் வரலாறு என்றவுடன் ‘ராக்கெட்’ எஞ்சினின் பெயர் உங்கள் நினைவுக்கு வரும். நான் வகுப்பில் கேட்ட போதெல்லாம் கிடைத்த விடை அதுவே. அவ்வெஞ்சின் சென்ற பாதையின் இருமருங்கிலும் வெட்டப்பட்ட வாய்க்கால்களை எவரும் குறிப்பிட்டதில்லை. குற்றம் மாணவருடையதன்று, நாங்கள் கற்பிக்கவில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூலையும் மாஞ்செஸ்டரையும் இணைக்க ஜார்ஜ் ஸ்டீவன்சன் வகுத்த வழியில் சாட் மாஸ் என்னும் பெருஞ்சதுப்பு கிடந்தது. பரப்பு ஏறத்தாழ 12 சதுர மைல். பன்னெடுங்காலமாகப் பாசி மட்கிப் படிந்து, நீரைக் குடித்த பஞ்சுபோல் ஊறிக் கிடந்த நிலம் அது. சில இடங்களில் ஆழம் 30 அடி. 1825-இல் பார்லிமெண்டுக் குழுவின்முன் சாட்சியம் அளித்த பிரான்சிஸ் ஜைல்ஸ் என்னும் பொறியியலார், அறிவுடைய எவரும் இதன் வழியே பாதை போடத் துணியார் என்றும், துணிந்தால் 2,70,000 பவுன் செலவாகும் என்றும் உரைத்தார். அவ்வாண்டு மசோதா தோற்றது. மறு ஆண்டில்தான் நிறைவேறியது.

வேலையை மேற்பார்க்க வந்த ஜான் டிக்ஸன் முதல் நாளே பலகையிலிருந்து வழுக்கிச் சேற்றில் புதைந்தார். தொழிலாளர்கள் இழுத்துக் கரைசேர்த்தனர். அத்தொழிலாளரோ காலடியில் பலகையைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள்! காலின் பாரம் பரந்த இடத்தில் விழுந்தால் புதையாது அன்றோ? பாதையையும் ஸ்டீவன்சன் அவ்வாறே அமைத்தார். புதர்ச்செடிகளைப் படல்களாகப் பின்னிப் பரப்பி, அவற்றின்மேல் மண்ணும் சரளையும் இட்டுத் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்.

ஆயினும் அடியிலுள்ள நீர் வடியாமல் படல் மட்டும் போதாது. நீர் வடிந்த பாசி சுருங்கி இறுகும், பாரம் தாங்கும். ஆகவே இருபுறமும் வடிகால் வெட்டினர். மாஞ்செஸ்டர்ப் பக்கத்து விளிம்பில் அதுவும் பலிக்கவில்லை. வெட்ட வெட்டச் சேறு பிதுங்கி வாய்க்காலைத் தூர்த்தது. செங்கல் மதகு கட்டலாம் என்றாலோ, அதன் பாரமே அதை அமிழ்த்திவிடும். அப்போது லிவர்பூலிலிருந்து காலித் தார்ப் பீப்பாய்கள் வந்தன. சில கஜம் தோண்டியதும் பீப்பாய்களை வரிசையாகக் கிடத்தி, இணைப்புகளில் பலகை அறைந்து, மேலே களிமண் பூசினர். நீர் செல்ல மரக்குழாய் ஒன்று அமைந்துவிட்டது. எளிய யோசனைதான், இதற்கு முன் எந்த நூலிலும் அதைத் தேடியிருந்தால் கிடைத்திராது.

அங்கே கரையெழுப்பக் கொட்டிய மண்ணும் வாரக்கணக்கில் சுவடின்றி மறைந்தது. இயக்குநர்கள் அச்சதுப்பிலேயே கூடி, பணியைக் கைவிடலாமா என்று ஆராய்ந்தனர். அதற்குள் செலவழித்த பணம் பெரிது, விட மனமில்லை. கொட்டிக்கொண்டே இருங்கள் என்றார் ஸ்டீவன்சன். கரை ஒருநாள் தலைகாட்டிற்று.

1830 ஜனவரி முதல் நாள் ‘ராக்கெட்’ அச்சதுப்பைக் கடந்தது. செப்டம்பர் 15-இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. அதே சதுப்பின்மீது இன்று மின்சார ரயில்கள் ஓடுகின்றன. சாட் மாஸைக் கடக்க ஆன செலவு ஏறத்தாழ 28,000 பவுன். ஜைல்ஸ் கூறியதில் பத்திலொரு பங்கு.