கோட்டினின்றும் எழுத்தைப் பிரித்தல்

1968 இல் யப்பான் அஞ்சற் குறியீட்டெண்ணை அறிமுகஞ்செய்தபோதே, கடிதவுறைமீது கையால் எழுதிய இலக்கங்களை வாசிக்கும் பொறியும் அங்கு தோன்றிவிட்டது. ஆயின், பொறியியல் வரைபடத்தில் எழுதப்பட்டவற்றை வாசிப்பது இருபது ஆண்டுகளின் பின்னரும் இடர்ப்பாடாகவே இருந்தது. படவரைஞரின் எழுத்து ஒழுங்கற்றதன்று; அதன் வடிவையும் சாய்வையும் ஐ.எஸ்.ஓ. 3098 நியமம் 1974 இலேயே வரையறுத்திருந்தது. கடிதவுறையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனிக்கட்டம் உண்டு. வரைபடத்திலோ எழுத்தும் கோடும் ஒரே மையிற் கலந்து கிடப்பன. '1' என்பதும் ஒரு சிறு கோடுதானே!

1988 இல் பிளெச்சர், கஸ்தூரி என்னும் இருவர், ஒன்றோடொன்று இணைந்த கரும்புள்ளிக் கூட்டங்களைப் பருமனால் வேறுபடுத்தி, நேர்வரிசையில் நிற்கும் சிறு கூட்டங்களைச் சொற்களெனக் கொள்ளும் முறையை வெளியிட்டனர். சொல் எத்திசையிற் சாய்ந்திருப்பினும் அம்முறை அதனைக் கண்டுகொள்ளும். எனினும், இலக்கமொன்று கோட்டைத் தொட்டுவிடின் இரண்டும் ஒரே கூட்டமாகிவிடும். துளையின் விட்டம் 10 மில்லிமீற்றரா, 16 மில்லிமீற்றரா என்பதை மீண்டும் மனிதக் கண்ணே பார்த்துச் சொல்லவேண்டியதாயிற்று.